மரத்தரையும் நீராவியும்

பள்ளிகள், அலுவலகங்கள், விருந்தினர் விடுதிகள் ஆகியவற்றின் தரையைத் துப்புரவு செய்வதற்கு நீராவிச் சாதனங்கள் இப்போது வழக்கத்திற்கு வந்துள்ளன. நீண்ட கைப்பிடி, அதன் நடுவில் ஒரு சிறு நீர்த்தொட்டி, மின்சாரத்தால் சூடேறும் ஒரு சிறு கொதிகலம், அடியில் துணி சுற்றிய தட்டையான முகம் ஆகிய இவ்வளவே அதன் அமைப்பாகும். சோப்பு வேண்டா, பினாயில் வேண்டா. குழாய்நீரை ஊற்றி விசையை அழுத்தினால் சிறிது நேரத்தில் ஆவி கிளம்புகின்றது. சிமெண்டுத் தரையிலும் வழவழப்பான ஓடு பதித்த தரையிலும் இச்சாதனம் நன்கு பணிபுரிகின்றது என்பதில் ஐயமில்லை. தேக்கு, சால், ஈட்டி முதலிய மரங்களால் பாவிய தரையில் இதனைச் செலுத்தலாமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய வினா.

வினா சிறியதாகத் தோன்றலாம். நம் நாட்டில் மரத்தரை எங்கும் காணப்படுவதன்று என்பதும் உண்மையே. ஆனால் அது காணப்படும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: இமயமலைச் சாரலில் உள்ள வனத்துறை விடுதிகள், மலைநகர்களில் உள்ள பழைய பள்ளிகள், நூலகங்கள், இறகுப்பந்தாட்ட அரங்குகள். இவற்றுட் பலவற்றில் உள்ள பலகைகள் நூறாண்டுக்கு முன் முற்றிய மரத்திலிருந்து அறுக்கப்பட்டவை. அத்தகைய வைரம் பாய்ந்த அகலப் பலகை இன்று விலைக்குக் கிடைப்பது அரிது. ஆதலின் இத்தரைகளைப் பேணும் பொறுப்பில் உள்ள ஊழியர் ஒருவர் ஓராண்டில் செய்யும் பிழையை அவருக்குப் பின் வருவோர் எளிதில் திருத்த இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாக வடநாட்டு மலைநகர் ஒன்றில் பத்து நாள் தங்க நேர்ந்தது. அங்கிருந்த ஒரு பழைய நூலகத்தின் தேக்குத் தரையைக் கண்டு வியந்தேன். காலைக் கதிர் படும்போது அது தேன் நிறத்தில் மின்னிற்று. அதைப் பராமரித்து வந்தவர் வயது முதிர்ந்த காவலர் ஒருவர். நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் பெருக்குவார். வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த துணியால் பலகையின் நீளவாக்கில் துடைப்பார். மழைக்காலம் முடிந்து காற்று உலர்ந்தபின் ஆண்டுக்கொரு முறை மெழுகு தேய்ப்பார். அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து மீண்டும் சென்றபோது காவலர் ஓய்வு பெற்றிருந்தார். நீராவிச் சாதனம் ஒன்று வாங்கப்பட்டிருந்தது. வாசலருகே பலகைகளின் விளிம்புகள் எழும்பி நடுப்பகுதி குழிந்திருந்தது. வெறுங்காலுடன் நடந்தால் ஒவ்வொரு பலகையையும் பாதம் எண்ணிச் சொல்லும். மெழுகின் மினுமினுப்பு மறைந்து, ஆங்காங்கே சாம்பல் பூத்தாற்போல் வெண்படலம் படிந்திருந்தது. யாரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. துப்புரவில் மிகுந்த அக்கறையே காரணம். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அக்காட்சியே.

இரண்டு சொற்களால் வரும் குழப்பம்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு பிழையை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மரவியல் நூல்களில் வரும் ‘ஹார்டுவுட்’ என்னும் சொல்லைக் ‘கடின மரம்’ என்று பல ஆண்டுகளாக நானும் எழுதி வந்திருக்கிறேன். படிப்பவர், ‘கடினமான மரம்தானே, எதையும் தாங்கும்’ என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அச்சொல் மரத்தின் கடினத்தைக் குறிப்பதன்று. அதன் குலத்தைக் குறிப்பது. அகன்ற இலையும் பூவும் உடைய மரங்கள் யாவும் அவ்வகுப்பைச் சேர்ந்தவை. தேக்கும் சாலும் ஈட்டியும் அதில் அடங்கும். விமான மாதிரிகள் செய்யப் பயன்படும், நகத்தால் கீறினாலே தடம் விழும் பால்சா மரமும் அதிலேயே அடங்கும். ஊசியிலை மரங்களான தேவதாருவும் பைனும் மற்ற வகுப்பைச் சேர்ந்தவை. எனவே ‘கடின மரத்தரை’ என்ற பெயரைக் கொண்டு அது நீராவியைத் தாங்கும் என்று முடிவு செய்வது பொருந்தாது.

மற்றொரு சொல் ‘சீல்’ செய்த தரை என்பது. நீராவிச் சாதனங்களை விற்போர் பலர், தம் சாதனம் ‘சீல் செய்த மரத்தரைக்கு உகந்தது’ என விளம்பரம் செய்கின்றனர். இதனை ‘முத்திரையிட்ட தரை’ என்று ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டேன். அரசாங்க முத்திரை பலகையில் எவ்விடத்தில் இருக்கும் என்று ஓர் ஆசிரியர் எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி! நுண்துளைகள் அடைபடும்படி மேலே பூச்சு இட்ட தரை என்பதே அதன் பொருள். அவ்வாறு முற்றிலும் அடைபட்ட மரத்தரை ஒன்று உண்டா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

மரம் நீரை எவ்வாறு ஏற்கிறது?

மரத்தை அறுத்து உலர்த்திப் பலகையாக்கிய பின்னும் அது காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டேயிருக்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதை ஏற்கும், குறைந்தால் விட்டுவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஏறத்தாழ 6 சதவீத நீர் நிற்கும். 65 சதவீதமாக இருந்தால் 12 சதவீதம் அளவில் நிற்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டிப் பல நாள் நீடித்தால் 20 சதவீதம் வரை ஏறும். இவை முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையை நூறாகக் கொண்டு கணித்த அளவுகள். இந்நீர் மரநார்களின் சுவர்களுக்குள்ளேயே புகுந்து தங்குவது. ஏறத்தாழ 30 சதவீதம் ஆனதும் சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் நீர் நார்களின் உட்குழிகளில் தங்கும். சுவர்கள் நிறையும்வரைதான் மரம் உப்பும், அதன்பின் உப்பாது.

உப்புதலும் எல்லாத் திசையிலும் ஒன்றன்று. நீளவாக்கில் அது புறக்கணிக்கத்தக்க அளவே. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதனினும் மிகுதி. ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் மிகமிக அதிகம். பச்சை மரம் முழுதும் உலரும்போது தேக்கு இவ்விரு திசைகளிலும் முறையே 2.5 சதவீதமும் 5.8 சதவீதமும் சுருங்குகின்றது. மேல்நாட்டுச் சிவப்பு ஓக் மரத்திற்கு இவ்வளவுகள் 4.0, 8.6 சதவீதம். தேக்கின் புகழுக்கு இது ஒரு காரணம்: அது குறைவாகவே அசைகின்ற மரம். ஆயினும் அசையாத மரமன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். வளையங்களைத் தழுவி அறுத்த தேக்குப் பலகைகளால் நான்கு மீட்டர் அகலமுள்ள ஓர் அறை பாவப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். பலகைகளின் ஈரம் முழுக் கனத்திலும் 4 சதவீதம் ஏறினால், 5.8ஐ 30ஆல் வகுத்து 4ஆல் பெருக்க, ஏறத்தாழ 0.77 சதவீதம் விரிவு கிடைக்கும். நான்கு மீட்டருக்கு இது 31 மில்லிமீட்டர், ஒன்றேகால் அங்குலம். சுவரோரம் அவ்வளவு இடம் விட்டிருக்கவில்லையெனில் அத்தரை எங்கே போகும்? பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும். அல்லது மேலே எழும்பும். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கொடுக்கலாம். சதவீதக் கணக்கு வீட்டுக்குப் பயன்படுவதை அவர்கள் காண்பார்கள்.

நீராவியின் தனித்தன்மை

‘நீராவி உலர்ந்தது, நீர்போல் நனைக்காது’ என்று சிலர் வாதிப்பர். கெண்டியின் மூக்கிலிருந்து வெண்மையாகப் புகைவதை நாம் ஆவி என்கிறோம்; ஆனால் அது ஆவியன்று, குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகளின் கூட்டம். மூக்கை ஒட்டி ஒன்றும் தெரியாதிருக்கும் சிறு இடைவெளியிலேதான் உண்மையான நீராவி உள்ளது. அது குளிர்ந்த பொருளைத் தொட்டவுடன் நீராக மாறும். 25 பாகை வெப்பமுள்ள தரையைத் தொட்ட நீராவி நீராகவே முடிகின்றது. சாதனத்தைத் தள்ளிய தடத்தின் பின்னால் தரை ஈரமாகப் பளபளப்பதைக் கண்டோர் இதனை மறுக்கமாட்டார்கள்.

நீராக மாறும்போது அது தன் உள்ளுறை வெப்பத்தையும் தரையிடம் ஒப்படைக்கிறது. ஒரு கிராம் நீராவி 100 பாகையில் நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை விடும். அதே ஒரு கிராம் கொதிநீர் 30 பாகைக்குக் குளிர்ந்தால் விடுவது 70 கலோரியே. கொதிநீர் சுடுவதைக் காட்டிலும் ஆவி சுடுவது கொடிது என்று அடுப்படியில் உள்ளோர் அறிந்ததன் காரணம் இதுவே. எனவே ஆவி பட்ட இடத்தில் ஈரமும் வெப்பமும் ஒருங்கே சேர்கின்றன. இச்சேர்க்கையே மரத்தை இளக்கும் கருவி.

மரத்தொழிலாளர் இதனை நெடுநாளாக அறிவர். ஜலந்தரிலும் மீரத்திலும் முசுக்கொட்டை மரத்தில் ஹாக்கி மட்டை செய்தவர்கள் அதன் முனையை ஆவியில் வேகவைத்துத்தான் வளைத்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த தோனெட் என்பவரின் நிறுவனம் 1859இல் வெளியிட்டு உலகெங்கும் பரவிய வளைமர நாற்காலியும் ஆவியால் வளைக்கப்பட்டதே. நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரத்தோடு 100 பாகையை அணுகும்போது இளகிவிடுகின்றது. அப்போது மரம் வளையும். குளிர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்கும். பலகையில் சுத்தியல் பட்டுக் குழி விழுந்தால் தச்சர் என்ன செய்கிறார்? ஈரத்துணியைக் குழியின்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுகிறார். குழி மேலெழும்பி விடுகிறது. நசுங்கிய நார்கள் ஆவியால் மீண்டும் உப்பியதே இதற்குக் காரணம். ஒரு நிமிட ஆவி மரத்தின் மேற்பரப்பை எவ்வளவு அசைக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா. குழியை நிரப்பும் அதே ஆற்றல், குழியில்லாத இடத்தில் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்.

பூச்சு என்னும் போர்வை

தரையின் மீதுள்ள பூச்சு மரத்தைக் காக்காதா எனின், ஓரளவு காக்கும். எந்தப் பூச்சு என்பதை அறிந்தே மேற்செல்ல வேண்டும்.

பழைய தரைகளில் மெழுகோ அவலரக்கோதான் பெரும்பாலும் இருக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். அவலரக்கு, அதாவது கொம்பரக்கைத் தூய்மை செய்து தகடாக்கிச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது, 75 பாகை அளவிலேயே இளகும். ஈரம் பட்டால் வெளுக்கும். சூடான தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்து எடுத்தால் வெள்ளை வளையம் விழுவதை அலுவலகத்தில் காணாதார் இல்லை. குவளையின் அடியிலிருந்து வரும் சூடும் ஈரமும் இவ்வளவு செய்யுமாயின், 100 பாகை ஆவி என்ன செய்யாது? உலகுக்கு அரக்கு அளிக்கும் நாடுகளுள் முதன்மையான நம் நாட்டில், அரக்கின் இயல்பை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. இருந்தும் அரக்கு பூசிய தரையின்மேல் ஆவி பாய்ச்சுவோர் நம்மிடையே உள்ளனர்.

அண்மைக் காலத் தரைகளில் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். இது மெழுகுபோல் உருகாது, தேநீருக்கு அஞ்சாது. இதனை நம்பியே ‘சீல் செய்த தரைக்கு உகந்தது’ என்ற விளம்பரம் எழுகின்றது. ஆனால் பூச்சு பலகையின் மேல்முகத்தில் மட்டுமே உள்ளது. பலகைக்கும் பலகைக்கும் இடையேயுள்ள மூட்டுகளில் அது தொடர்ச்சியாக இல்லை. கோடையில் பலகை சுருங்கும்போது அங்கே மயிரிழை அளவு வெடிப்பு விழுகின்றது. ஆணியடித்த இடம், நாற்காலிக் கால் உராய்ந்த இடம், வாசலருகே மணல் ஒட்டிய செருப்புகள் தேய்த்த தடம் ஆகியவையும் அவ்வாறே. நீர்த்துளி தன் பரப்பு இழுவிசையால் மூட்டின்மேல் திரண்டு நிற்கக்கூடும். ஆவிக்கு அத்தடை இல்லை. அது மூட்டினுள் இறங்கி, அங்கே குளிர்ந்து, பலகையின் பூச்சில்லாத பக்கங்களிலும் அடிமுகத்திலும் நீராகப் படிகின்றது. பலகை முனையில் வெட்டுவாய் தெரியும் இடமோ இன்னும் மோசம். நார்களின் நீளவாக்கில் நீர் குறுக்குவாக்கைவிடப் பன்மடங்கு விரைவாகப் பாயும்.

அடிமுகம் ஈரமாகி உப்ப, மேல்முகம் அவ்வாறே இருப்பின் விளிம்புகள் மேலெழும்பி நடுப்பகுதி குழியும். நான் நூலகத்தில் கண்டது இதுவே. மேல்முகம் நனைந்து உப்பினால் நடுப்பகுதி முதுகுபோல் எழும்ப வேண்டும். ஆனால் பக்கத்துப் பலகை இடங்கொடாமையால் மேல்முக நார்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். உலரும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது, முன்னிலும் சுருங்கும், இடைவெளி விழும். மண்வெட்டிக் காம்பு தளர்ந்தால் அதனை நீரில் ஊறவைக்கும் வழக்கத்தைக் களப்பணியாளர் அறிவர். ஒரு நாள் காம்பு இறுகி நிற்கும். மறுவாரம் முன்னைவிட அதிகமாக ஆடும். இரும்பு வளையத்துள் உப்பிய மரம் தன்னைத் தானே நசுக்கிக்கொண்டதே காரணம். மரத்தரையில் ஒவ்வொரு வாரமும் ஆவி செலுத்துவது, ஒவ்வொரு வாரமும் காம்பை ஊறவைப்பது போன்றதே.

பசையையும் மறக்கலாகாது. பழைய தச்சுவேலையில் பயன்பட்ட வச்சிரம் 60 பாகையளவு வெந்நீர்க் கலத்தில் உருகுவது. இன்று விற்கும் பல தரைகள் முழுப் பலகையால் ஆனவையல்ல. ஒட்டுப்பலகையின் மேல் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல மரத்தகட்டை ஒட்டியவை. வேறு சில, மரத்தூளை அழுத்திய பலகையின்மேல் மரத்தின் படத்தை அச்சிட்ட தாளை ஒட்டியவை. இவ்விறுதி வகையை மரத்தரை என்று எண்ணி ஏமாறுவோர் பலர். இதன் விளிம்பில் ஈரம் புகுந்தால் நனைந்த அட்டைபோல் உப்பும், உலர்ந்தாலும் அடங்காது. பலகையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

மறுப்புகள்

கப்பலின் தேக்குத் தளத்தை நாள்தோறும் கடல்நீரால் கழுவினார்களே, அது கெடவில்லையே என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வி. 1817இல் பம்பாயில் தேக்கினால் கட்டப்பெற்ற ‘திரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கின்றது. ஆனால் கப்பல் தளத்தின் பலகை இடுக்குகளில் சணலையோ பஞ்சையோ திணித்துத் தார் ஊற்றியிருப்பார்கள். பலகை உப்பவும் சுருங்கவும் அவ்விடுக்கே இடங்கொடுக்கும். தளம் எப்போதும் ஈரமாய் இருந்தால்தான் இடுக்குகள் இறுகி நிற்கும். அந்நீரும் குளிர்ந்த நீர். வீட்டுத் தரையோ உலர்ந்த நிலையில் நெருக்கிப் பொருத்தப்பட்டது. அதன் பூச்சும் வேறு. இரண்டையும் ஒப்பிடல் தகாது.

மரத்தைப் பதப்படுத்தும் உலைகளில் ஆவி செலுத்துகிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. அங்கே மரம் யாராலும் நெருக்கப்படாமல் அடுக்கப்பட்டுள்ளது. காற்றின் ஈரமும் வெப்பமும் மணிக்கணக்கில் அளந்து மாற்றப்படுகின்றன. வேலை முடிந்தபின்னரே பலகை இழைக்கப்படுகின்றது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையமும் பெங்களூர் மர விஞ்ஞான நிலையமும் இத்துறையில் செய்துள்ள பணி யாவும் ஈரத்தை நிதானமாக மாற்ற வேண்டும் என்ற அடிப்படையிலேயே அமைந்தது. தரைத் துடைப்பில் நிதானத்திற்கு இடமேது?

மூன்றாவது மறுப்பு வலிமையுடையது. அதனை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீராவிச் சாதனம் செலவிடும் நீர் மிகக் குறைவு. ஓர் அறைக்கு அரை லிட்டருக்கும் குறையும். வாளி நீரைக் கொட்டி ஈரத்துணியால் மெழுகுவதைவிட இது மேலன்றோ? ஆம், வாளி நீர் கொட்டுவது இன்னும் பெரும்பிழை. மேலும், புதிதாய்ப் பூச்சிட்ட தரையில் ஒருமுறை விரைவாகத் தள்ளிச் சென்றால் பெரும்பாலும் எவ்விதக் கேடும் கண்ணுக்குத் தெரியாது. மக்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம். முதல் மாதம் ஒன்றும் நேராமையால் சாதனம் நல்லதென்று முடிவாகின்றது. வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஐம்பது முறை. கறை கண்ட இடத்தில் சாதனத்தைச் சற்று நிறுத்தி வைப்பது மனித இயல்பு. கேடு சேர்ந்து சேர்ந்து, மழைக்காலத்தில் ஒருநாள் வெளிப்படும். அப்போது பழி மழையின்மேல் விழும்.

கிருமிநாசம் பற்றிய ஆசையும் இதனோடு பிணைந்துள்ளது. 2020ஆம் ஆண்டின் தொற்றுக்குப் பின் நிறுவனங்கள் பல இவ்வகைச் சாதனங்களை நாடின. ஆவி கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தரைமேல் விரைந்து தள்ளினால் வெப்பம் ஒரு கணமே தங்கும். கிருமி முழுதும் சாகாது. மெதுவாகத் தள்ளினால் கிருமி சாகும்; மரமும் வேகும். மரத்தைத் துளைக்கும் வண்டுக்கும் கறையானுக்கும் ஆவி மருந்தாகும் என்ற எண்ணமும் அவ்வாறே. நாடு விட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகளுக்குச் சர்வதேச விதிப்படி மரத்தின் உள்மையம் 56 பாகையில் தொடர்ந்து 30 நிமிடம் இருத்தல் வேண்டும். துடைக்கும் சாதனம் இதனை ஒருபோதும் செய்யாது.

அமெரிக்காவின் தேசிய மரத்தரைச் சங்கம் ஈரத் துடைப்பத்தையும் நீராவிச் சாதனத்தையும் மரத்தரையில் பயன்படுத்தலாகாது என்று கூறுகின்றது. தரை உற்பத்தியாளர் பலர், ஆவி செலுத்திய தரைக்குத் தம் உத்தரவாதம் செல்லாது என எழுதியுள்ளனர். சாதனம் விற்பவர் ‘உகந்தது’ என்கிறார். தரை விற்பவர் ‘தகாது’ என்கிறார். கேடு வந்தால் இழப்பீடு தர வேண்டியவர் எவரோ அவர் சொல்லையே நான் நம்புவேன். மெழுகும் அரக்கும் பூசிய பழைய தரையில் ஆவி அறவே கூடாது. புதுப் பூச்சுத் தரையிலும் அதைத் தவிர்ப்பதே முறை.

வகுப்பறையில் காட்டத்தக்கது

தச்சரிடமிருந்து மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மரத்துண்டு ஒன்றைப் பெறுக. மரத்தின் குறுக்குவாக்கில் பத்து சென்டிமீட்டரும் நீளவாக்கில் இரண்டு சென்டிமீட்டரும் இருத்தல் வேண்டும். தேக்கைவிடச் சாதாரணப் பெட்டி மரம் விரைவில் பயன் தரும். கெண்டி மூக்கின் எதிரே இடுக்கியால் பிடித்து ஒரு முகத்தில் மட்டும் ஆவி படச் செய்க. சில நிமிடங்களில் ஆவி பட்ட முகம் புறங்குவிந்து துண்டு வில்லாகும். இதே அளவுள்ள மற்றொரு துண்டை, குறுக்குவாக்கில் உப்ப இடமின்றிப் பட்டறைப் பிடிப்பானில் இறுக்கி, ஈரத்துணி சுற்றி ஓரிரவு வைத்துப் பின் துணியை நீக்கி நன்றாக உலரவிடுக. உலர்ந்ததும் பிடிப்பானைத் தளர்த்தாமலே துண்டு தளர்ந்து ஆடுவதை மாணவர் காண்பர். மண்வெட்டிக் காம்பின் இரகசியம் அப்போது விளங்கும். கொதிநீர்க் கெண்டியை ஆசிரியரே கையாள வேண்டும்.

தரையைப் பேணும் முறை

பழைய காவலர் செய்ததே முறை. தரைக்கு முதற்பகை நீரன்று, மணல். வாசலில் தடித்த மிதியடி இரண்டு போட்டு, நாள்தோறும் மென்துடைப்பத்தால் பெருக்கினாலே பாதி வேலை முடிந்தது. ஈரத்துணி தேவைப்படும்போது, இயன்றவரை முறுக்கிப் பிழிய வேண்டும். துடைத்த இடம் ஓரிரு நிமிடத்திற்குள் உலர்ந்துவிட்டால் பிழிந்தது போதும் என்று பொருள். சோடா, காரச் சோப்பு, பினாயில் ஆகியன மெழுகுத் தரைக்கு ஆகா. நீர் சிந்தினால் அப்போதே ஒற்றியெடுக்க வேண்டும்.

மெழுகு இடுவோர், தேன்மெழுகைக் கர்ப்பூரத் தைலத்தில் இளக்கி மெல்லியதாய்த் தேய்ப்பர். அதனை நேரான தீயில் காய்ச்சலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தே, அடுப்பை அணைத்தபின் கலக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த கந்தலைக் குவித்து மூலையில் எறியாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். தனித்தனியே விரித்து வெளியில் உலர்த்துக, அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் இடுக. கிடங்குகள் நள்ளிரவில் தீப்பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதைப் பொறுப்பாளர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பலகை குழிந்திருந்தால் அவசரம் கூடாது. ஆவியையும் ஈரத்துடைப்பையும் நிறுத்தி, சாளரங்களைத் திறந்து, மின்விசிறியோட்டிக் காத்திருக்க வேண்டும். வாரங்கள் ஆகலாம், ஒரு முழு உலர்காலமும் ஆகலாம். ஈரம் நீங்கினால் பல பலகைகள் தாமே சமமாகும். எழும்பிய விளிம்பை உடனே இழைத்துவிட்டால், பின்னர்ப் பலகை உலர்ந்து சமமாகும்போது இழைத்த விளிம்பு தாழ்ந்து நடுப்பகுதி முதுகாய் நிற்கும்.

அந்நூலகத்தில் நேர்ந்தது இதுதான். நான் கண்டு வந்த மாதத்திலேயே ஒப்பந்தக்காரர் ஒருவர் இயந்திரத்தால் தரையை இழைத்தார். குளிர்காலத்தில் கணப்பு மூட்டி அறை உலர்ந்ததும் பலகைகள் மறுபுறமாக வளைந்தன. கூடத்தின் பெரும்பகுதியை இப்போது அப்படியே விட்டிருக்கிறார்கள். வாசலருகே இருந்த இரண்டு வரிசையை மட்டும், இடிக்கப்பட்ட ஒரு பழைய கட்டடத்திலிருந்து கிடைத்த தேக்கால் மாற்றினார்கள். நிறம் சற்றே வேறுபடுகின்றது. நீராவிச் சாதனம் குளியலறையின் ஓட்டுத் தரைக்கு மாற்றப்பட்டு, அங்கே நன்றாக வேலை செய்கின்றது.